யூ.ஜீ.சி. கைந்நூல்: ஒரு பெரியம்மாவின் மதிப்பீடு

இலங்கையில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு வீட்டுக்கு வீடு வாங்கப்படும் புத்தகம் ஒன்று உண்டென்றால் அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூல்தான். கடையில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கேட்பதில்லை. 'யூ.ஜீ.சி. புக்' என்றால் எடுத்துத் தருவார்கள். நாலு வருஷம் ஓடாத ஃபோனுக்கெல்லாம் பக்கம் பக்கமாக மதிப்பீடு எழுதுகிறார்கள். பிள்ளையின் அடுத்த நாற்பது வருஷத்தில் கை வைக்கிற இந்தப் புத்தகத்துக்கு ஒருவரும் எழுதக் காணோம். ஆகவே நான் எழுதுகிறேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று வருடப் பொதுப் பட்டம் முடித்து வேலைக்கு வந்தவள். பிறகு பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனத்தில் வார இறுதி வகுப்புகளுக்குப் போய் முதுமாணி செய்தேன். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று அந்த பஸ் பாதையின் வளைவுகள் எனக்கு மனப்பாடம். இந்த முறை கைந்நூலைத் தூக்கியது என் பெறாமகளுக்காக. தங்கச்சியின் மூத்தவள், கணிதப் பிரிவு. பொறியியலுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) எட்டவில்லை, அவளுக்கு அதில் பெரிய கவலையும் இல்லை. "பெரியம்மா, எனக்குப் பௌதீகவியல் படிச்சுப் பிஎச்.டி. செய்யவேணும்" என்று பத்தாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறவள். தங்கச்சிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே தலையிடி. "முதல்ல கம்பஸ் கிடைக்கட்டும், அக்கா. அதுக்குப் பிறகு பாப்பம்" என்பாள்.

அந்த 'பிறகு பாப்பம்' என்பதில்தான் சிக்கல். பட்டப்பின்படிப்புக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கு அதில் பாதி இந்தப் புத்தகத்தைத் திறந்து விருப்ப ஒழுங்கு எழுதும் அன்றே முடிவாகிவிடுகிறது. அப்படி ஒரு பிள்ளைக்கு இந்தப் புத்தகம் எந்த அளவுக்கு உதவும்? அதைத்தான் பார்க்கிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். அனுமதி எப்படி நடக்கிறது என்ற விடயத்தில் இதைவிடத் தெளிவான புத்தகம் கிடையாது. மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, மூன்று தடவைக்குள் எடுத்த பெறுபேறு என்று அடிப்படைத் தகைமையை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது. இடங்கள் பகிரப்படும் முறையும் அப்படித்தான். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியதாக வகைப்படுத்தப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. கொழும்பிலுள்ள பிள்ளைக்குப் போதாத புள்ளியில் எங்கள் பிள்ளைக்கு இடம் கிடைப்பது அதனால்தான். ரியூசன் வாசலில் இதைச் சலுகை என்று சிரிக்கிறவர்களும் உண்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஆய்வுகூடத்தைக் கண்ணால் காணாமல் இரசாயனவியல் எழுதின பிள்ளைகளைக் கண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

கடந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி அட்டவணை, அதாவது ஒவ்வொரு கற்கைநெறிக்கும் கடைசியாக எடுபட்ட இசட் புள்ளியின் அட்டவணைதான் புத்தகத்தின் மிகவும் அழுக்குப் பிடித்த பக்கங்கள். எந்தப் பழைய பிரதியை எடுத்தாலும் அந்தப் பக்கங்களில் விரல் அடையாளமும் பேனைக் கோடும் இருக்கும். நாட்டின் எல்லா மாவட்டங்களும் ஒரு பக்கம், கற்கைநெறிகள் மற்றப் பக்கம். எழுத்து பொடி எழுத்து. நாற்பத்தைந்து தாண்டிய பெற்றோர் ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் பார்க்கவேண்டும். ஒரு அடிமட்டத்தை வைத்துக்கொண்டு திருகோணமலை வரிசையை வாசிப்பது நல்லது. ஒரு வரி மேலே போனால் வேறொரு மாவட்டத்தின் புள்ளியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். அது போன வருடத்துக் கணக்கு என்பதையும் மறக்கக்கூடாது. இந்த வருடம் அது ஏறும், இறங்கும்.

தமிழ் மொழிநடை பற்றி நிறையச் சொல்லலாம், வேண்டாம். ஒரு பந்தியை மூன்று முறை வாசித்தும் பிடிபடாவிட்டால் ஆங்கிலப் பதிப்பில் அதே பந்தியைப் பாருங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

அப்புறம் விருப்ப ஒழுங்கு. ஒவ்வொரு கற்கைநெறிக்கும், அது நடக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு, 'யூனி கோட்' என்பார்கள். அவற்றை விரும்பும் ஒழுங்கில் அடுக்கவேண்டும். மேலே உள்ள ஒன்றுக்குத் தெரிவாகிவிட்டால் கீழே உள்ளவற்றுக்கு உங்களை எடுத்துப் பார்க்கமாட்டார்கள். இந்த விதியைப் புத்தகம் திருத்தமாக விளங்கப்படுத்துகிறது. எங்கள் ஊரில் இந்த ஒழுங்கு எப்படி எழுதப்படுகிறது தெரியுமா? யாழ்ப்பாணத்தில் மாமி இருக்கிறா, அது முதலாவது. பேராதனை குளிர், பிள்ளைக்குச் சளி, அது நாலாவது. கொழும்பில் வாடகை கட்டாது. பட்ச்சில் யார் யார் எங்கே போகிறார்கள் என்று வட்ஸ்அப்பில் கேட்டு மிச்சம். தூரமும் செலவும் பொய்யான காரணங்கள் இல்லை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. ஆனால் பட்டப்பின்படிப்பு மனதில் இருந்தால் வேறு சில கேள்விகளும் வேண்டும். அங்கேதான் புத்தகம் கையை விரிக்கிறது.

விஞ்ஞானப் பட்டம் என்று அச்சடித்த ஒவ்வொரு வரியும் அதில் ஒரே மாதிரித்தான் தெரியும். கற்கைநெறியின் பெயர், தேவையான பாடங்கள், எடுக்கப்போகும் எண்ணிக்கை. அந்தப் பட்டம் எத்தனை வருடம் என்பதையும் சில இடங்களில் போட்டிருப்பார்கள். அந்த நாலாவது வருடம் யாருக்குக் கிடைக்கும் என்பதை எங்கே தேடுவது? பட்டங்களை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகப்படி மூன்று வருடப் பொதுப் பட்டம் 90 திறமைப்புள்ளி (கிரெடிட்), ஐந்தாம் மட்டம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120 திறமைப்புள்ளி, ஆறாம் மட்டம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பட்டப்பின்படிப்புக்குப் போகும்போது சுவர் போல வந்து நிற்கும். என்னைப் போலப் பொதுப் பட்டம் வைத்திருப்பவர்கள் உள்நாட்டில் முதுதத்துவமாணிக்கு (எம்.ஃபில்.) நேரே போவது கஷ்டம், முதலில் ஒரு முதுமாணியைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வெளிநாட்டிலோ பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்கு வருட இளமாணியையே எதிர்பார்க்கின்றன. எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் 13 வருடம், அதோடு மூன்று சேர்த்தால் 16 என்று வாதாடலாம். சில இடங்களில் எடுபடும், சில இடங்களில் எடுபடாது.

பல விஞ்ஞான பீடங்களில் எல்லாரும் ஒன்றாகத்தான் உள்ளே போவார்கள். முதல் இரண்டு வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புக் கற்கைக்குப் பிரிப்பார்கள். ஒரு துறையில் ஆய்வுகூட வசதிக்கும் ஆட்களுக்கும் ஏற்பக் கொஞ்சம் பேரைத்தான் எடுக்க முடியும். ஆகவே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி, அந்தத் துறையில் சிறப்புக் கற்கை இருக்கிறதா, இருந்தால் எத்தனை பேரை எடுப்பார்கள், எந்தச் சராசரி வேண்டும் என்பது. இதற்கு யூ.ஜீ.சி. புத்தகத்தில் பதில் தேடி மினக்கெடவேண்டாம். அந்தந்தப் பீடம் தன் மாணவர்களுக்கென்று வெளியிடும் பீடக் கைந்நூலில் இருக்கும். பல பீடங்கள் அதைத் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கின்றன. நானும் பெறாமகளும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தோம். யூ.ஜீ.சி. புத்தகத்தில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிந்த இரண்டு கற்கைநெறிகள் பீடக் கைந்நூலில் பார்க்கும்போது ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவையாக இருந்தன.

புத்தகம் சொல்லாத இன்னொன்று ஆட்கள். பட்டப்பின்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். 'இவர் ஒழுக்கமான மாணவி, வகுப்புக்கு ஒழுங்காக வந்தார்' என்று எழுதின கடிதத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தப் பிள்ளையோடு ஆய்வு வேலை செய்த ஒருவர், அவள் எங்கே தடுமாறினாள், அதை எப்படிச் சமாளித்தாள் என்று எழுதவேண்டும். அப்படி எழுத, அவருக்குப் பிள்ளையைத் தெரிந்திருக்கவேண்டும். அவரும் ஆய்வு செய்கிறவராக இருக்கவேண்டும். துறையின் இணையப் பக்கத்துக்குப் போய் விரிவுரையாளர்களின் பட்டியலைப் பாருங்கள். எத்தனை பேர் கலாநிதிப் பட்டம் முடித்து நாட்டில் இருக்கிறார்கள், எத்தனை பேர் படிப்பு விடுமுறையில் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அண்மையில் என்ன ஆய்வுக்கட்டுரை வந்திருக்கிறது. ஒரு பின்னேரம் இருந்தால் போதும், ஒரு துறையின் நிலைமை விளங்கிவிடும்.

இதனால்தான் பெரிய பெயர் உள்ள இடம் எப்போதும் மேல் என்று நான் சொல்வதில்லை. கொழும்பும் பேராதனையும் பெரிய துறைகள், பெரிய நூலகம், பழைய மாணவர்கள் உலகம் முழுக்க. அது உண்மையான பலம். போன வருடம் அதே துறையிலிருந்து ஒருவர் போய் நன்றாகச் செய்திருந்தால், அடுத்த விண்ணப்பத்தை அந்த வெளிநாட்டுத் துறை நம்பிப் பார்க்கும். ஆனால் அங்கே நூறு பேரில் அறுபதாவது ஆளாக இருந்து பொதுப் பட்டத்தோடு வெளியே வருவதும், சின்னத் துறை ஒன்றில் முதல் மூன்று பேருக்குள் நின்று நாலாம் வருட ஆய்வைச் சரியாகச் செய்து முதலாம் வகுப்போடு வருவதும் ஒன்றில்லை. நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் முதலாம் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00 என்பது நாலுக்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி (ஜீ.பி.ஏ.) எல்லை. 3.70க்கு மேல் எடுத்தவர்களைத் துறையிலேயே ஒரு வருடம் தற்காலிக உதவி விரிவுரையாளராக வைத்துக்கொள்வதும் உண்டு. அந்த ஒரு வருடம் விண்ணப்ப வேலைக்குப் பொன்னான காலம். சம்பளமும் வரும், கடிதம் எழுதுகிறவரும் அடுத்த அறையில் இருப்பார்.

எங்கள் ஊரிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, நிலாவெளி வீதியில் கோணேசபுரியில். பிரயோக விஞ்ஞான பீடம், தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள் பீடம், சித்த மருத்துவம் என்று அங்கே உள்ளவற்றைத் திருகோணமலைக்காரர்களே சரியாகத் தெரிந்து வைத்திருப்பதில்லை. 'வீட்டுக்குப் பக்கத்துக் கம்பஸ்தானே' என்று பட்டியலின் அடியில் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அவர்களிடமே சித்த மருத்துவத்துக்கு யாழ்ப்பாணமும் திருகோணமலையும் என்று இரண்டே இடம் என்பதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். ஒரு சனிக்கிழமை பெறாமகளைக் கூட்டிக்கொண்டு நிலாவெளி பஸ்ஸில் போனேன். உப்புவெளி தாண்டிச் சாம்பல்தீவுப் பக்கம் வரும்போதே அவள் முகத்தில் 'இவ்வளவுதானா தூரம்' என்ற ஏமாற்றம். வீட்டை விட்டுப் போகும் ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கும்தானே. அங்கே படிக்கும் இரண்டு அக்காமாரிடம் கேட்டோம். ஆய்வுகூடத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர், விரிவுரையாளரை அறையில் போய்ச் சந்திக்க முடியுமா, கடைசி வருடத்தில் ஆய்வா தொழில் பயிற்சியா. இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் சிரிப்போடு சொன்ன பதில்கள், எந்தப் புத்தகத்திலும் அகப்படாத தகவல். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றே பேசினோம்.

கம்பியூட்டர் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. அங்கே பெரும்பாலானோருக்கு வேலைதான் குறி. ஆறு மாதத் தொழில் பயிற்சி கிடைக்கும் இடத்தை மேலே போடுவது புத்திசாலித்தனம். பட்டப்பின்படிப்பு என்றால் அதே அளவுக்கு ஆய்வுத் திட்டத்தையும் பாருங்கள். இரண்டும் நல்லவையாக உள்ள இடம் அருமை.

ஆங்கிலம் பற்றிப் புத்தகம் ஒரே சொல்லோடு கடந்து போகிறது: போதனா மொழி. விஞ்ஞானக் கற்கைகள் ஆங்கிலத்தில்தான். தமிழில் உயர்தரம் எழுதின பிள்ளைக்கு முதல் வருடத்தில் சராசரி சரிவது பெரும்பாலும் இதனால்தான். சரிந்த அந்தப் புள்ளிகள் பெறுபேற்று அட்டையில் கடைசி வரை நிற்கும், வெளிநாட்டுத் தேர்வுக்குழு அதையும் பார்க்கும். பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்கும் வரை இருக்கும் நீண்ட இடைவெளியில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்காக இப்போதே ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதிப் பணத்தைக் கரைக்கவேண்டாம். அந்தப் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். பட்டப்பின்படிப்பு அனுமதிக்கு எழுதும் ஜீ.ஆர்.ஈ. தேர்வு ஐந்து வருடம் செல்லும், ஆனால் இப்போது பல துறைகள் அதைக் கேட்பதையே விட்டுவிட்டன. எந்தத் துறை கேட்கிறது என்று பார்த்த பிறகு எழுதினால் போதும்.

பணம் என்ற பேச்சு வந்தால் தங்கச்சியின் முகம் மாறும். அவளுக்கு நான் சொன்னது, அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகளில் இளமாணி முடித்த கையோடு கலாநிதிப் படிப்புக்கே விண்ணப்பிக்கலாம். எடுத்தால் பெரும்பாலும் கட்டணத்தை விலக்கி, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் வேலையும் மாதப் படியும் தருவார்கள். முதுமாணிக்கு அப்படி இல்லை, அநேகமாகக் கைக்காசு. அவுஸ்திரேலியாவில் முதலாம் வகுப்புச் சிறப்புப் பட்டமும் ஆய்வு அனுபவமும் இருந்தால் கலாநிதிப் புலமைப்பரிசிலுக்குப் போட்டியிடலாம். ஐரோப்பாவில் பொதுவாக முதுமாணி முடித்துவிட்டுத்தான். அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் போன்ற புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும் இளமாணியில் செய்த ஆய்வும் வகுப்பும் கடிதங்களும்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படும். வீட்டை விற்றுப் படிப்பிக்கவேண்டிய விஷயம் இல்லை இது என்று விளங்கினபோதுதான் அவள் புத்தகத்தை எங்களோடு சேர்ந்து புரட்டத் தொடங்கினாள்.

இந்த இடத்தில் ஒரு முறைப்பாடு. நகரத்தில் ஒரு கல்வி ஆலோசனை அலுவலகம், பெயர் வேண்டாம். குளிரூட்டி, கண்ணாடிக் கதவு, வெளிநாட்டுக் கொடிகள். பெறாமகளின் இசட் புள்ளியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் நாலு வருஷம் வீணாக்கிறீங்கள், கம்பஸ் தொடங்கவே காலம் போயிடும்" என்றார் அங்கிருந்த தம்பி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தைக் கொழும்பிலேயே மூன்று வருடத்தில் முடிக்கலாமாம். காலதாமதம் உண்மைதான். வேலைநிறுத்தங்களும் பெருந்தொற்றும் அரச பல்கலைக்கழகப் பிள்ளைகளின் வருடங்களைத் தின்றதை நான் கண்டிருக்கிறேன். சரி என்று நான் கேட்டேன்: அந்தப் பட்டத்தில் ஆய்வுத் திட்டம் உண்டா, கடிதம் எழுதும் அளவுக்குப் பிள்ளையைத் தெரிந்த நிரந்தர விரிவுரையாளர் யார்? தம்பி சிற்றேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படியான அலுவலகங்கள் பலவற்றுக்கு வருமானம் பிள்ளைகளைச் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனங்களிடமிருந்து தரகாக வருவதுதான். இலவச ஆலோசனை எங்கே சாயும் என்று அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். அப்படியான பட்டத்துக்குப் போவதென்றால் குறைந்தது அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். யூ.ஜீ.சி. வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்கும்போது அந்தப் பட்டியலையும் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும்தான் பார்க்கிறது.

ஐந்துக்கு எத்தனை? அனுமதிக்கு வழிகாட்டும் புத்தகமாக நாலரை. அந்த அரையும் பொடி எழுத்துக்குக் கழித்தது. பட்டப்பின்படிப்பை மனதில் வைத்துப் பல்கலைக்கழகம் தேர்வு செய்ய உதவும் புத்தகமாக இரண்டு. அந்த வேலைக்கு என்று எழுதப்பட்டது அல்ல என்பது தெரியும், என்றாலும் இத்தனை குறியீடுகளைக் கொடுத்து அடுக்கச் சொல்கிறவர்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'நாலாம் வருடம் எல்லாருக்கும்' அல்லது 'தெரிவானோருக்கு மட்டும்' என்று ஒரு சொல் போட்டால் என்ன குறைந்துவிடும்?

பெறாமகளின் பட்டியலில் முதலாவதாகப் பேராதனை, பௌதீகவியலுக்காக. இரண்டாவது யாழ்ப்பாணம், அங்கே மாமி இருக்கிற காரணத்துக்காக அல்ல என்று அவள் சத்தியம் செய்கிறாள். கோணேசபுரி நாங்கள் போய்வந்த பிறகு ஒன்பதாவதிலிருந்து நாலாவதுக்கு ஏறியது. தங்கச்சி அதை முதலாவதாக்கச் சொல்லி இன்னும் நச்சரிக்கிறாள்.

வாங்கப் போகிறவர்கள் அட்டையில் கல்வியாண்டைப் பார்த்து வாங்குங்கள். அக்காவின் பழைய பிரதியை வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்கவேண்டாம், குறியீடுகளும் புதிய கற்கைநெறிகளும் வருடத்துக்கு வருடம் மாறும். பழைய பிரதியை எறியவும் வேண்டாம். இரண்டு மூன்று வருட வெட்டுப்புள்ளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு துறையின் புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைக்கும்.